தண்ணீர் கேட்கும் அம்மாசி

கடப்பாரையின் ஒரு நுனி தார் ரோட்டில், மறு நுனி காதில். அப்படியே குனிந்து நிற்கிறார் அம்மாசி. பின்னால் சேலம் பஸ் ஹாரன் அடிக்கிறது. "செத்த சும்மா இருங்க, தண்ணி ஓடுற சத்தம் கேக்கோணும்!" என்று டிரைவரையே அதட்டுகிறார். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார் என்றால் பாருங்களேன்!

ஏற்காட்டில் குழாய்த் தண்ணீர் திறந்துவிடுபவர் இவர். பதினெட்டு வருஷமாகத் தினக்கூலி. ஊர் வளர்ந்த கதையைக் கேட்டால் வருஷம் சொல்லமாட்டார், குழாய் சொல்வார். "ரெண்டிஞ்சு போட்டப்ப லாட்ஜு நாலுங்க. மூணிஞ்சுக்குப் பதினொண்ணு. இப்ப நாலிஞ்சும் பத்தலீங்க, ஊரு நொம்பப் பெருத்துப்போச்சு." ஊரையே தான் பெற்று வளர்த்ததுபோல ஒரு மிதப்பு. எனக்கு அந்த மிதப்பு பிடிக்கும்.

இந்த மே மாதம், எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் மேட்டுத் தெருவுக்கு மூன்று நாளாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. புது இன்ஜினியர் வரைபடத்தை விரித்து, ரோட்டோரம் நாலு குழி தோண்டவைத்தார். மண்தான் வந்தது. "ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆவுமாங்க?" என்றார் காலிக் குடத்தோடு நின்ற ராசம்மாள்.

அம்மாசி கடப்பாரையை ஊன்றி ஊன்றிக் கேட்டுக்கொண்டே போனார். புது லாட்ஜின் வாசலில், வழவழத்த சிவப்புத் தரைமேல் நின்றார்.

"இங்கதானுங்க உடைஞ்சிருக்குது. லாட்ஜு வர்றதுக்கு முந்தி ரோடும் கொழாயும் இப்படித்தான் போச்சு."

லாட்ஜ்காரர் குதித்தார். "போன மாசம் போட்ட தரைங்க சார்! ஒடச்சுத் தண்ணி இல்லீன்னா?"

இன்ஜினியர் அம்மாசியைப் பார்த்தார். "இல்லைன்னா நாளையிலேர்ந்து நீங்க வேலைக்கு வரவேண்டாம்."

 வேலை நிரந்தரமாகும் என்று அந்த மனுஷன் காத்திருந்த வருஷம் இது.

"சரிங்க சார். தரையப் போட்டது இவுங்க, கொழாயப் போட்டது நானுங்க" என்று சொல்லிவிட்டு, கடப்பாரையை ஓங்கி இறக்கினார்.

மூன்றடி ஆழத்தில் மண் நசநசத்தது. இன்னும் அரையடியில் உடைந்த குழாய் கொப்பளித்தது. ராசம்மாள் போட்ட குலவையில் லாட்ஜில் தங்கியிருந்தவர்கள் மாடிக்கு ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள்.

இன்ஜினியர் வரைபடத்தை விரித்துப் பிடித்து, பேனாவை நீட்டினார். அம்மாசி பேனாவை வாங்கவில்லை. சேற்று விரலை வைத்து, தண்ணீர்த் தொட்டியிலிருந்து லாட்ஜ் வழியாக மேட்டுத் தெருவரை ஒரே இழுப்பாகக் கோடு இழுத்தார்.