மரவள்ளியும் இஞ்சியும்

எங்கள் வீட்டில் ஒரு நெருப்புக்குச்சி முழுதாக எரிந்து நான் கண்டதில்லை. நெருப்புப்பெட்டி வாங்கி வந்த அன்றே அம்மா பழைய பிளேட் ஒன்றை எடுத்துக்கொண்டு குசினி வாசலில் உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு குச்சியையும் மருந்துத் தலையிலிருந்து நெடுக இரண்டாகப் பிளப்பார். இடைக்கிடை ஒன்று உடைந்துபோகும். அப்போது அவர் முகத்தில் வரும் துக்கத்தைப் பார்த்தால் வீட்டில் நடக்கக்கூடாதது ஏதோ நடந்துவிட்டதென்று நினைக்கத் தோன்றும். தேய்ந்த சவர்க்காரத் துண்டுகள் புதுச் சவர்க்காரத்தின் முதுகில் ஒட்டப்பட்டன. துருவிய தேங்காய்ப்பூவில் மூன்றாம் பால் பிழிந்த பிறகும் தண்ணீர் விட்டு இன்னொரு தடவை பிழிவார். அந்தத் தண்ணீரை வெள்ளை என்று சொல்ல முடியாது. அம்மா மட்டும் சொல்லுவார். தேயிலைச் சக்கையைச் சுளகில் பரவி வெயிலில் காயவைத்து அடுத்த நாளும் அதையே அவிப்போம்.

நாங்கள் யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கத்திலிருந்து கண்டாவளைக்கு வந்து காணி வெட்டிக் குடியிருந்தவர்கள். வந்த முதலிரண்டு வருஷமும் வயல் பிழையில்லை. நான் சொல்லும் வருஷம் மழை பொய்த்தது. பெரும்போகத்து நெற்கதிர்கள் நிமிர்ந்து நின்றபோதே அப்பாவுக்கு விளங்கிவிட்டது. மணி பிடித்த கதிர் தலை குனிய வேண்டும். அந்த முறை வெட்டியதெல்லாம் பதர். எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பிக்கு நாலு.

அதன் பிறகு அரிசி ஒரு நேரச் சாமானாகிவிட்டது. மத்தியானத்துக்கு வளவில் நின்ற மரவள்ளி. கிழங்கை அவித்து, மிளகாயும் உப்பும் இடித்த சம்பலோடு தருவார் அம்மா. தம்பிக்கு அது நல்ல விருப்பம். எனக்கு அதில் விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை, பயம் இருந்தது.

பயத்தைத் தந்தவர் வாய்க்காலுக்கு அங்காலே அடுத்த காணியில் இருந்த மாமி. உறவுக்காரி இல்லை, நாங்கள் அப்படிக் கூப்பிடுவோம். அவருக்குக் கொஞ்சம் வசதி. நெல் அவித்துக் குத்த ஆள் தேவைப்பட்டால் அம்மாவைத்தான் கூப்பிடுவார். ஒருநாள் அம்மா கிழங்கு உரிக்கும்போது பக்கத்தில் குந்தியிருந்து அந்தக் கதையைச் சொன்னார். எங்கேயோ ஒரு ஊரில் ஒரு குடும்பம் மரவள்ளிக் கிழங்கு சாப்பிட்டுவிட்டு, அதன்மேல் இஞ்சி போட்ட தேத்தண்ணியும் குடித்துவிட்டதாம்.

"மத்தியானம் திண்டிட்டுப் படுத்ததுகள், பொழுதுபடவும் ஒருத்தரும் எழும்பேல்லை. மிச்சத்தைத் திண்ட நாயும் வாசல்லயே செத்துக் கிடந்ததாம்" என்றார் மாமி.

"ஒருத்தரும் தப்பேல்லையோ?" என்று அம்மா கேட்டார்.

"ஒரு பொடியன் தப்பினவன். ஆரோ சீனியைக் கரைச்சுப் பருக்கினவையாம்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. இஞ்சி காயாமல் இருப்பதற்காக அம்மா அதைத் தண்ணீர்ப் பானையடி ஈர மணலில் புதைத்து வைத்திருப்பார். மரவள்ளி அவிக்கிற நாளில் அந்த மூலைப்பக்கம் யாரும் போகக்கூடாது.

அந்தச் சட்டத்தை நான்தான் மீறினேன். கெட்ட எண்ணத்தில் அல்ல. சிக்கனத்தில் அம்மாவையே மிஞ்சிக் காட்டவேண்டும் என்ற ஆசையில்.

அது ஒரு சனிக்கிழமை. காலையிலேயே கிழங்கு அவிந்தாயிற்று. எங்களுக்குப் போட்டுத் தந்துவிட்டு அம்மா மாமி வீட்டுக்கு நெல்லுக் குத்தப் போனார். அப்பா வாய்க்கால் வெட்டும் இடத்திலிருந்து வந்து, தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டு முற்றத்து மாமரத்தின் கீழே கதிரையில் சாய்ந்தார். முகம் வெயிலில் கறுத்துக் கிடந்தது.

"பிள்ளை, கொஞ்சத் தேத்தண்ணி வைக்கிறியே?"

சுளகிலிருந்த சக்கை அதற்கு முன் இரண்டு தரம் அவிந்தது. மூன்றாம் தரம் அவித்தபோது வெந்நீருக்கு நிறமே ஏறவில்லை. புதுத் தேயிலையில் கை வைத்தால் அம்மாவுக்குத் தெரியும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா இஞ்சி தட்டிப் போட்டுத் தந்த தேத்தண்ணி நினைவுக்கு வந்தது. தேயிலை குறைவென்றாலும் அது சுள்ளென்று இருந்தது. புதுத் தேயிலை செலவில்லாமல் நல்ல தேத்தண்ணி! அம்மா வந்ததும் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே மணலைக் கிளறினேன். ஒரு விரல் துண்டை அம்மியில் நசித்துப் போட்டேன். ஒரு வாய் குடித்தும் பார்த்தேன். அருமையாக இருந்தது.

அப்பா பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு ஒரு மிடறு குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆர் போட்டது, நீயோ?"

"ஓம்."

"கொம்மாவின்ர தேத்தண்ணியைவிட நல்லாயிருக்கு. அவாட்டைச் சொல்லிப்போடாதை."

தம்பியும் அவருடைய மடியில் ஏறிப் பாதிக் கோப்பையைக் குடித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா கோப்பையை நீட்டி, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். மிச்சத்தை எடுக்கக் குசினிக்குத் திரும்பினேன். வாசலடியில் கோழிகள் எதையோ கிளறிக்கொண்டிருந்தன. அது மரவள்ளித் தோல்.

அன்று நாங்கள் மூன்று பேரும் தின்றது மரவள்ளிதான். தேத்தண்ணிக் கேத்திலைக் கையில் எடுத்தேன். அது தானாகவே சரிந்ததா, நான் சரித்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தேத்தண்ணி முழுவதும் நிலத்தில் ஓடியது.

"ஊத்திப் போட்டியோ? அம்மா கண்டால் உரிச்சுப்போடுவா" என்று அப்பா அங்கிருந்தே சொன்னார். பிறகு, "எனக்கும் தலை சுத்துறமாதிரிக் கிடக்கு. கொஞ்சம் படுக்கிறன்" என்று சொல்லிக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.

தலை சுற்றுகிறது என்றார். அது வெயிலில் மண்வெட்டி பிடித்தவனின் தலைச்சுற்றல் என்று யார் எனக்குச் சொல்லுவது? நான் வாசலில் நின்று பார்த்தேன். அப்பா பாயில் விழுந்தார். வழக்கமாகப் படுத்த உடனேயே குறட்டை கேட்கும். அன்று கேட்கவில்லை.

தம்பி என் பாவாடையைப் பிடித்து இழுத்தான். "அக்கா, வயித்துக்குள்ள என்னவோ செய்யுது."

அன்று அவன் தன் பங்கோடு என் பங்கிலும் பாதி தின்றவன். வேறென்ன செய்யும்? எனக்கோ அது சாவின் தொடக்கமாகவே பட்டது. மாமி வீட்டுக்கு ஓடி அம்மாவைக் கூட்டிவரலாம். வாய்க்காலைத் தாண்டினால் கூப்பிடு தூரம்தான். ஆனால் அங்கே போய் என்ன சொல்லுவது? 'அப்பாவையும் தம்பியையும் நான் கொன்றுபோட்டேன்' என்று சொல்லவேண்டும். நான் போய் வருவதற்குள் இரண்டு பேரும் செத்துவிட்டால்? பிள்ளையாரே பிள்ளையாரே என்று சொல்லிக்கொண்டு வாசலுக்கும் குசினிக்குமாக நடந்தேன்.

அப்போதுதான் சீனி ஞாபகம் வந்தது.

சீனி எங்கள் வீட்டில் தின்னும் பொருள் அல்ல. வந்த மனிசருக்கு மரியாதை செய்யும் பொருள். சங்கக்கடையில் பங்கீட்டுக்குக் கிடைப்பதை அம்மா ஒரு பால்மாத் தகரப் பேணியில் சேர்த்து, எறும்பு ஏறாமல் தண்ணீர்ச் சட்டியின் நடுவில் வைத்திருப்பார். நாங்கள் எல்லோரும் பனங்கட்டியைத்தான் கடிப்போம். அந்தப் பேணியை நான் ஒருநாளும் திறந்ததில்லை.

திறந்தேன். முக்கால் பேணி இருந்தது. முழுவதையும் செம்பில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கையால் கலக்கினேன். தம்பிக்குக் கொடுத்தேன். கடவுளைக் கண்டவன்போல அவன் கண்கள் விரிந்தன. மூச்சு விடாமல் குடித்துவிட்டு, "இன்னும்" என்றான். மிச்சத்தைக் கொண்டுபோய் அப்பாவைத் தட்டி எழுப்பினேன். அவர் கண் திறக்காமலே வாங்கிக் குடித்தார்.

"என்னடி இது, ஒரே இனிப்பாக் கிடக்கு?"

"சும்மா குடியுங்கோ அப்பா. கெதியாக் குடியுங்கோ."

குடித்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார். செம்பில் ஒன்றும் மிஞ்சவில்லை. நானும் கிழங்கு தின்றவள், ஒரு வாய் தேத்தண்ணியும் குடித்தவள் என்பது அப்போதுதான் உறைத்தது. பேணியின் அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் வழித்தேன். தம்பி வாயைத் திறந்துகொண்டு நின்றான். விரலை அவன் வாயில் வைத்துவிட்டேன்.

பிறகு செய்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. செத்தவர்களுக்கு நல்ல உடுப்புப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். பெட்டியைத் திறந்து வருஷப்பிறப்புக்குத் தைத்த பூப்போட்ட கவுணை எடுத்துப் போட்டுக்கொண்டேன். போட்ட பிறகு ஒரு யோசனை. இதோடு என்னைப் புதைத்தாலும் எரித்தாலும் துணி வீணாகிவிடும். அம்மா தாங்கமாட்டார். கழற்றி மடித்துத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்துவிட்டு, கிழிந்த பாவாடையோடு வந்து தம்பியைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு அப்பாவின் காலடியில் இருந்தேன். தம்பி நித்திரையாகிவிட்டான். ஒரு கையை அவனுடைய மூக்கருகில் வைத்தேன். சூடாக மூச்சு பட்டது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அப்பாவின் மூக்கருகில் வைத்தேன். பிறகு தம்பியின் மூக்கருகில். இப்படியே மாற்றி மாற்றி. கையை எடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்ற பயம். எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. மரத்தின் நிழல் நீண்டு வேலிவரை போய்விட்டது.

வேலிப் படலை கிரீச்சிட்டது. அம்மா, தலையில் தவிட்டுச் சாக்கோடு வந்தார். சாக்கை இறக்கிவிட்டுக் குசினிக்குள் நுழைந்ததும் அவர் குரல் மட்டும் கேட்டது.

"சீனிப்பேணி ஏன் கவிண்டு கிடக்கு? ஆர் தொட்டது?"

நான் ஓடிப்போய் அவருடைய காலைக் கட்டிக்கொண்டேன். அழுகையில் சொல் வரவில்லை. "இஞ்சி... கிழங்கு திண்டிட்டு... தேத்தண்ணிக்கு நான் இஞ்சி போட்டிட்டன் அம்மா... அப்பா எழும்பேல்லை..."

அடி விழும் என்று தலையைக் குனிந்தேன். அடி விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அம்மாவின் முகம் சாம்பலாகிவிட்டிருந்தது. என்னைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினார். தம்பியை ஒரு கையால் தூக்கித் தோளில் போட்டார். மறு கையால் அப்பாவை உலுக்கினார்.

"இஞ்சாருங்கோ! எழும்புங்கோ! இஞ்சாருங்கோ!"

அப்பா திடுக்கிட்டு எழுந்து, "என்னப்பா, வீடு பத்துதோ?" என்றார்.

அம்மா தம்பியோடு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. விஷயத்தைக் கேட்ட அப்பா பெரிதாகச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்து அப்பாவின் சிரிப்பும் மெல்ல நின்றது. தேத்தண்ணி குடித்த பிறகு தலை சுற்றியது அவருக்கும் நினைவு வந்திருக்கவேண்டும்.

"எப்ப குடிச்சது?" என்று அம்மா என்னிடம் கேட்டார்.

"நிழல் அப்பாவின்ர கதிரையடியில நிக்கேக்க."

அம்மா வெளியே போய் நிழலைப் பார்த்தார். பிறகு எங்கள் மூன்று பேரையும் முற்றத்தில் வரிசையாக இருத்தினார். வெளிச்சம் மங்கும்வரை ஒருவரும் கண்ணை மூடக்கூடாது என்றார். நாற்பது வயது ஆம்பிளை, மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல எங்களோடு கண்ணை முழித்துக்கொண்டிருந்தார். அம்மா எங்களுக்கு முன்னால் குந்தியிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் தம்பிதான் வாயைத் திறந்தான்.

"அம்மா, பசிக்குது."

அப்பா வெடித்துச் சிரித்தார். இந்தமுறை அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சீனியைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

எனக்கு மட்டும் ஒரு பயம் மிச்சமிருந்தது. மாமி வீட்டில் வேலைக்குப் போனால் அங்கே இஞ்சித் தேத்தண்ணி கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குச் சீனித்தண்ணியும் நான் மிச்சம் வைக்கவில்லை.

"அம்மா, மாமி தேத்தண்ணி தந்தவாவோ?"

"ஓம், தந்தவா."

"இஞ்சி போட்டதோ?"

"இஞ்சி போட்டதுதான்."

"நீங்கள் கிழங்கு சாப்பிட்டனீங்களோ?"

அம்மா அப்பாவை ஒருதரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இல்லைப் பிள்ளை, நான் கிழங்கு தின்னேல்லை" என்றார்.

"மாமி வீட்டில சோறு தந்தவாவோ?"

அம்மா எழுந்தார். தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு மூட்டப் போனார். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மரவள்ளியும் இஞ்சியும் சேர்ந்தால் ஒன்றும் ஆகாது என்று பிற்காலத்தில் ஒரு டொக்டர் சொன்னார். அதைவிடப் பிந்தி, அம்மா இறந்த வீட்டில், மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று சொன்னார். அந்த வருஷம் முழுக்க நெல்லுக் குத்த வந்தபோதெல்லாம் அம்மாவைச் சாப்பிடச் சொல்லிக் கூப்பிட்டாராம். வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்பாராம் அம்மா. எங்களிடம் மாமி வீட்டில் சாப்பிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் போவார்.

அன்று மாலை இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அம்மா கிழங்கு தின்னவில்லை என்ற ஒரு சொல்லே எனக்குப் போதுமாயிருந்தது. என் பயம் முழுவதும் ஒரே நொடியில் விட்டுப்போயிற்று. முற்றத்தில் எழுந்து நின்று, "அம்மா சாப்பிடேல்லை! அம்மா சாப்பிடேல்லை!" என்று கை தட்டிக்கொண்டு துள்ளினேன்.