பச்சைக் கோட்டு வராத நாள்

பெவர்லி ஸ்டப்ஸ் என்கிற பெயரைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒன்பது வருடம் பிடித்தது. அந்த ஒன்பது வருடமும் மார்ல்ஹர்ஸ்ட் ஸ்டேஷனில் காலை ஏழு பன்னிரண்டு வண்டிக்கு நாங்கள் நாலடி தள்ளித்தான் நின்றோம். பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில். நான் இரண்டாவது விளக்குக் கம்பத்தடியில். மழை கொட்டினால் ஒருவரை ஒருவர் பார்த்துப் புருவத்தைத் தூக்குவோம், அவ்வளவுதான். அதற்கு மேல் பேசுவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. ஒரு நாள் பேசித் தொலைத்தால் அப்புறம் தினமும் பேசவேண்டுமே, அந்தப் பயம்தான்.

லண்டனில் வண்டி கால் மணி நேரம் தாமதமாகப் போய் நின்றால் டிக்கெட் காசில் ஒரு பங்கைக் கம்பெனி திருப்பித் தரவேண்டும். கேட்டால்தான் தருவார்கள். எங்களில் யாரும் கேட்பதில்லை. இரண்டு மூன்று பவுண்டுக்காகப் போய் நிற்பதா என்கிற வெட்டி கௌரவம். நான் வேலை பார்ப்பது காப்பீட்டு ஆபீஸில். ஊரார் இழப்புக்கெல்லாம் படிவம் சரிபார்க்கிறவன், என் இழப்புக்கு ஒரு படிவம் போட்டதில்லை. அந்த அம்மாள் மட்டும் கதவு திறந்ததும் மணி பார்ப்பார், போனை எடுப்பார், நின்ற இடத்திலேயே படிவம் நிரப்புவார். சரியான அல்பம் என்று மனசுக்குள் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவர் யார் என்று தெரிந்தால் அப்படித் திட்டியிருப்பேனா? லண்டனில் ஒரு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் இருபத்திரண்டு வருடமாக டவாலி வேலை. கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு வாசலில் நின்று பெயர் கூப்பிடுவது, பயந்துபோய் வருகிறவர்களை உட்காரவைப்பது, கூண்டில் ஏறுகிறவர் கையில் சத்தியப்பிரமாண அட்டையைக் கொடுப்பது. ஒரு நாள் வண்டி நாற்பது நிமிடம் தாமதம். அடிக்கிற புருஷனிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு வந்த ஒரு பெண், எந்த அறை என்று சொல்ல வாசலில் ஆளில்லாமல், அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். மறுபடி அவள் வரவே இல்லை. ஒவ்வொரு தாமதத்துக்கும் கம்பெனி பதில் சொல்லட்டும் என்று அன்றிலிருந்துதான் பெவர்லி படிவம் போட ஆரம்பித்தார். தாமதமான ஒரு வண்டியைக்கூட அவர் சும்மா விட்டதில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது ஒரு மார்ச் மாதக் காலையில். அவர் குப்பைத் தொட்டியை விட்டு நாலடி நடந்து என்னிடம் வந்தார். என் கைக்குட்டை ஏதாவது விழுந்துவிட்டதோ என்று நான் கீழே பார்த்தேன்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். தினமும் நான் இந்த வண்டியில வர்றதை நீங்க பாத்திருக்கீங்கதானே?"

"பாத்திருக்கேன்."

கையில் ஒரு கடிதம். கம்பெனி எழுதியிருந்தது. ஒரு வருடத்தில் அறுபத்து மூன்று தடவை இழப்பீடு வாங்கியிருக்கிறீர்கள், அந்த அறுபத்து மூன்று நாளும் நீங்கள் பயணம் செய்ததாகவே பதிவு இல்லை, பதினான்கு நாளில் நிரூபிக்காவிட்டால் மோசடி என்று போலீஸுக்குப் போவோம்.

"அதெப்படி பதிவு இல்லாம போகும்?" என்றேன்.

"நம்ம ஸ்டேஷன்ல கார்டு தேய்க்கிற கேட்டே கிடையாது. லண்டன்ல மட்டும்தான் இருக்கு. வண்டி லேட்டாப் போனா என்ன பண்றாங்க? கூட்டம் நெரியுதுன்னு கேட்டை மொத்தமாத் திறந்து விட்டுடறாங்க. எவன் கார்டு தேய்ப்பான்? லேட்டான நாள்ல எல்லாம் நான் வரவே இல்லைன்னு மிஷின் சொல்லுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"கோர்ட்டுல வேலை பாக்கிறவ மேல மோசடி கேஸ்னா, அன்னைக்கே அங்கியைக் கழட்டிக் குடுத்துட்டு வரவேண்டியதுதான். நான் இந்த வண்டியில வந்தேன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"தாராளமாத் தர்றேன். ஆனா எந்தெந்தத் தேதின்னு கேட்டா எனக்கு எங்க தெரியும்?"

"என்கிட்ட இருக்கு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தினமும் பிளாட்பாரப் பெஞ்சில் உட்காருகிற மனிதர். ரயில் எண்களை நோட்டில் குறித்துக்கொள்கிற கிறுக்கு எங்கள் நாட்டில் ஊருக்கு நாலு பேருக்கு உண்டு. இவர் அந்த ரகம். எந்தப் பெட்டி வந்தது, எத்தனை மணிக்கு நின்றது என்று தினமும் எழுதுவார். அவர் வாயைத் திறந்து நான் கேட்டது அன்றுதான். பெயர் நெவில் க்ராஃப்ட்டாம்.

சனிக்கிழமை ஸ்டேஷன் டீக்கடையில் மூவரும் உட்கார்ந்தோம். நெவில் நாலு நோட்டை மேஜையில் வைத்தார். பொடிப் பொடி எழுத்து. ஒவ்வொரு நாளும் ஓரத்தில் அன்றைக்கு வந்தவர்கள் பட்டியல். 'பச்சைக் கோட்டு, தும்மல், மஞ்சள் பை.'

"தும்மல் யாரு?" என்று பெவர்லி கேட்டார்.

நெவில் என்னைப் பார்த்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க. பேரு தெரியாது. மே மாசத்துல மகரந்தம் பறக்கிறப்ப நீங்க கொஞ்சம் ஜாஸ்தி."

"என் பேரு லயனல்" என்றேன்.

"இனிமே மாத்திக்கிறேன்" என்றார். பெவர்லி டீ புரைக்கேறும் அளவுக்குச் சிரித்தார்.

தேதி தேதியாக ஒத்துப் பார்த்தோம். நான் தேதி சொல்ல, நெவில் பக்கம் புரட்ட, பெவர்லி டிக் போட்டார். ஒவ்வொரு நாளும் பச்சைக் கோட்டு இருந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பிப்ரவரி பன்னிரண்டு வந்ததும் நெவில் பக்கத்தை உற்றுப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார்.

"பச்சைக் கோட்டு வரலைன்னு எழுதியிருக்கேன்."

பெவர்லி நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். "ஆமா. ஜுரத்துல படுத்திருந்தேன். அந்த வாரம் உடம்பு முடியாம நின்ன இடத்துல போட முடியலை, கம்பெனியோட லேட் வண்டிப் பட்டியலைப் பாத்து அப்புறம் மொத்தமாப் படிவம் போட்டேன். அந்த ஒரு நாள் போகலைங்கிறதே மறந்துபோச்சு."

மீதியையும் பார்த்து முடித்தோம். அறுபத்திரண்டு சரி. ஒன்று தப்பு.

"அந்த ஒண்ணைப் பத்தி மூச்சு விடாதீங்க" என்றேன் நான். "அறுபத்திரண்டுக்கு அத்தாட்சி அனுப்புவோம். ஒண்ணுக்குக் கிடைக்கலைன்னு விட்டுடுவோம். அவங்களுக்கு எப்படித் தெரியப்போகுது?"

"நோட்டைக் கிழிக்க மாட்டேன்" என்றார் நெவில்.

"யாரும் கிழிக்கச் சொல்லலை கண்ணு" என்று பெவர்லி அவர் கையைத் தட்டிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "லயனல், உண்மையைச் சொல்வேன், முழு உண்மையைச் சொல்வேன்னு படிக்கச் சொல்லி தினமும் ஒருத்தர் கையில அட்டையைக் குடுக்கிறவ நான். படிச்சுட்டுப் பாதியை முழுங்கினவங்க எத்தனையோ பேர். அவங்க மூஞ்சி எனக்கு நல்லாத் தெரியும். அந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு திங்கக்கிழமை நான் அங்க போய் நிக்க மாட்டேன்."

"ஒரு பொய்யை ஒத்துக்கிட்டா மத்ததும் பொய்தான்னு அடிச்சுடுவாங்க. வேலை போயிடும்."

"போகலாம். பயமாத்தான் இருக்கு. ஒரு தாள் குடுங்க."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து அவர் எழுதினார். முதல் வரியே, பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி நான் பயணம் செய்யவில்லை, அது என் தவறு, அந்தத் தொகையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன் என்பதுதான். அந்தத் தேதிக்கான நோட்டுப் பக்கத்தின் நகலைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். திங்கட்கிழமை பிளாட்பாரத்தில் ஒவ்வொருவரிடமாகப் போய் மன்னிப்புக் கேட்டுப் பெயர் கேட்டுக் கையெழுத்துக் கேட்டார். பதினேழு பேர் போட்டார்கள். மஞ்சள் பைக்காரி, "உங்களை எனக்கு நல்லாத் தெரியுமே" என்று சொல்லிவிட்டுப் பெயரைக் கேட்டாள்.

பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது. தனியாகப் பிரிக்க முடியாமல் பிளாட்பாரத்துக்கே கொண்டுவந்துவிட்டார். என்னிடம் நீட்டினார். நீங்களே படியுங்கள் என்றேன். கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற குரலில் படித்தார், கடைசிப் பெஞ்சு வரை கேட்டது.

'எங்களிடம் எந்த ஆதாரமும் இல்லாத ஒரு தவறை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். மற்ற அறுபத்திரண்டையும் சந்தேகிக்க எங்களுக்கு இனிக் காரணம் இல்லை. புகாரைக் கைவிடுகிறோம். மன்னிக்கவும்.'

யாரும் கைதட்டவில்லை, எங்களுக்கு அது வராது. ஆனால் எல்லோரும் பேப்பரை மடித்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். நெவில் மூக்கைச் சிந்தினார். நாலடி தள்ளி நின்றவள் இப்படிப்பட்ட மனுஷி என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மூடி மறை என்று சொன்ன வாய் என்னுடையது என்பதும் உறைத்தது.

அன்றைக்கும் வண்டி லண்டனுக்குப் பத்தொன்பது நிமிடம் தாமதம். நான் போனை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"பெவ், இதை எப்படிப் போடறது? சொல்லிக் குடுங்க."

தேதி, வண்டி, நேரம் என்று ஒவ்வொன்றாக விரலை வைத்துக் காட்டினார். எல்லாம் முடிந்து, நான் தந்த விவரங்கள் உண்மை என்கிற கட்டம் வந்தது. டிக் போடப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதை மட்டும் ஒரு தடவை நிதானமாப் படிச்சுட்டுப் போடுங்க."

படித்துவிட்டுப் போட்டேன்.