சோத்துக் கை

என் மருமகன் அப்பீல் போட்டிருக்கிறான். என் மகளை அடித்ததற்காகக் கீழ்க்கோர்ட்டில் கிடைத்த தண்டனையை எதிர்த்து. அதைப் பற்றிப் பேச, போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு அவனுடைய அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "ரெண்டு பேரும் எங்கயாவது விசேஷத்துல ஒண்ணா உக்காந்து ஒரு வேளை சாப்பிட்டாப் போதும் மதினி. நாலு பேரு பாத்தா அதுவே சமாதானம். அப்பீல்ல சொல்லிக்கிடலாம்" என்றார்.

உள்ளறையில் என் மகள் இருந்தாள். அவளுக்குக் கேட்கட்டும் என்றே நான் சத்தமாகச் சொன்னேன். "அவ சாப்பிடுவா அண்ணாச்சி. எங்க வீட்டுல, எங்கூட உக்காந்து சாப்பிடுவா. நீங்க பொறப்படுங்க."

அவர் படியிறங்கியதும் வாசல் கதவைச் சாத்தினேன். சாத்துமுன் இடுக்கில் யாருடைய கையாவது இருக்கிறதா என்று பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. இருந்தாலும் பார்ப்பேன். வீட்டுக் கதவோ கார்க் கதவோ, எதைச் சாத்தினாலும் பார்ப்பேன்.

கதவைப் பார்த்துச் சாத்தும் இந்தப் பழக்கம் என் சித்தியால் வந்தது. அம்மாவின் தங்கை. பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையில் இருந்த எங்கள் வீட்டில் அவள் வந்து தங்கியிருந்தபோது நான் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அவள் வலது கை மணிக்கட்டு ஒரு பக்கமாக ஒடுங்கியிருக்கும். படித்துறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். கோர்ட்டில் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. அதனால் சித்தப்பாவுக்கு ஒரு வருஷம் ஜெயில் என்று தீர்ப்பானபோது, படித்துறையில் பாசி பிடித்ததற்கு அவரை ஏன் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று பல நாள் யோசித்தேன்.

ஆனால் அவரை உடனே பிடித்துக்கொண்டு போகவில்லை. அப்பீல் போட்டு ஜாமீனில் இருந்தார். அப்பீல் என்றால் என்ன என்பது எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் தெருப் பையன்கள் கிரிக்கெட் விளையாடும்போது இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்துவார்களே, அதுதான். சித்தப்பா பாளையங்கோட்டையில் பெரிய ஜட்ஜுக்கு முன்னால் நின்று கையைத் தூக்கிக் கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவருக்கு நல்ல குரல். பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கோயிலில் பாடகர் குழுவுக்கு அவர்தான் தலைவர். எங்கள் ஊரில் சர்ச்சுக்குக் கோயில் என்றுதான் பேர். அவர் பாட ஆரம்பித்தால் கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருக்கிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். அப்படிப்பட்டவர் கத்தினால் ஜெயித்துவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் வக்கீலுக்குத்தான் இருந்திருக்கிறது. டாக்டர் சாட்சி பலமாக இருக்கிறது, சம்சாரம் வந்து "சேர்ந்து வாழ்கிறோம்" என்று சொன்னால் மட்டும்தான் ஜெயில் இல்லாமல் போக வழி உண்டு என்று அவர் சொல்லிவிட்டார். இந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர் பெரியப்பா. அப்பாவின் அண்ணன். கோயில் கமிட்டியில் இருந்தார். ஊரில் யார் சண்டை போட்டாலும் சேர்த்துவைக்கிற வேலையை யாரும் கேட்காமலே எடுத்துக்கொள்கிறவர்.

"வரப்போற அசனத்துல ரெண்டு பேரையும் பக்கத்துல உக்கார வச்சிருவோம். சபையே சாட்சி. பெறகு அவ அங்கன போயிரட்டும்" என்று அம்மாவிடம் சொன்னார்.

கோயில் பண்டிகையில் சபையார் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்துக்கு எங்கள் பக்கத்தில் அசனம் என்று பெயர். எங்கள் கோயிலில் அதற்கு ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பக்கத்தில் உட்கார வைப்பது என்றால் அது ஊருக்கே தண்டோரா போட்டுச் சொல்வது மாதிரி.

அம்மா அதைச் சித்தியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒரு வாய் சாப்பிட்டா என்ன கொறஞ்சா போயிரும்?"

சித்தி ஒன்றே ஒன்று கேட்டாள். "எல்லாரும் பாக்குத எடத்துலதான?"

"ஆமா. மொதப் பந்தியில."

"அப்ப வாரேன்."

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெரியப்பாவுக்கு ஆள் அனுப்பினாள்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் இடதுகைக்காரி. பீச்சாங்கைக்காரி என்றுதான் அன்றைக்கு எனக்குப் பெயர். பென்சிலை இடது கையில் பிடித்தால் டீச்சர் பிடுங்கி வலது கையில் வைப்பார். சாப்பாட்டில் இடது கையை வைத்தால் அம்மா கரண்டிக் காம்பால் புறங்கையில் ஒன்று போடுவாள். "சோத்துக் கையால சாப்பிடுட்டி" என்பாள். வலது கைக்கு எங்கள் ஊரில் சோத்துக் கை என்றுதான் பேர். எனக்கு மட்டும் கடவுள் அதை மாற்றி வைத்துவிட்டார் என்று உள்ளுக்குள் ஒரு வருத்தம் உண்டு. சித்தி எந்தக் கையால் சாப்பிடுகிறாள் என்பதை நான் பார்த்ததே இல்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுக்களையில் தனியாகச் சாப்பிடுவாள்.

அசனத்தன்று பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீதான் சித்தி கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து சித்தப்பா பக்கத்துல உக்கார வைக்கணும். நீயும் மொதப் பந்தியிலயே உக்காந்துக்கோ, என்ன?" பெரியவர்களோடு முதல் பந்தி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கோயில் வளாகத்தில் வேப்பமரத்துக்குக் கீழே பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். நான் சித்தியை இழுத்துக்கொண்டு போனேன். அவள் இழுத்த இழுப்புக்கு வந்தாள். சித்தப்பா வெள்ளை வேட்டி சட்டையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அடுத்து சித்தி, சித்திக்கு அடுத்து நான். குருவானவர் ஜெபம் செய்ததும் சித்தப்பாதான் பாட்டை எடுத்துக்கொடுத்தார். என்ன குரல்! எதிர்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் வந்தன. பெரியப்பா தானே குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்தார். "அங்கன நல்லா ஊத்துங்கவே!" என்று மற்றவர்களுக்கு உத்தரவும் போட்டார். சித்தப்பா தன் இலையிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்துச் சித்தியின் இலையில் வைத்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

சித்தி அந்தக் கறித்துண்டை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். வலது கையை மடியில் வைத்தாள். இடது கையை இலையில் வைத்துச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.

"ஏ அம்மா, பீச்சாங்கை!" என்றாள் கண்ணைத் துடைத்த அம்மாள்.

பெரியப்பா குனிந்தார். "சோத்துக் கையால சாப்பிடும்மா. சபை பாக்குதுல்லா."

சித்தி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "என் சோத்துக் கைய அவியகிட்ட கேளுங்க அண்ணாச்சி. அவியதான் வச்சிருக்காவ."

பந்தியில் இலைச் சத்தம் நின்றுவிட்டது. சித்தப்பா இலையைப் பார்த்தபடியே, "பையப் பேசு" என்றார்.

"நான் எதுக்குப் பையப் பேசணும்? எங்கைய இடுக்குல வச்சுக் கதவச் சாத்துனியள்ளா, அப்பப் பையவா சாத்துனிய?"

இதைச் சொல்லிவிட்டு மடியிலிருந்த கையை எடுத்துப் பந்திக்கு மேலே நீட்டினாள். விரல்கள் விரிந்தபடி அப்படியே நின்றன. "இந்தா. யாராவது மடக்கிக் குடுங்க. நான் சோத்துக் கையாலயே சாப்பிடுதேன். கோர்ட்டுலயும் வந்து என்ன சொல்லணுமோ சொல்லுதேன்."

யாரும் வரவில்லை. குழம்பு வாளி பெரியப்பாவின் கையில் சாய்ந்து பாயில் சொட்டிக்கொண்டிருந்தது. சித்தி கையை இறக்கி மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள். அவசரமே இல்லாமல் சாப்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "இங்கன இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க அண்ணாச்சி. நல்லாருக்கு" என்றாள். பெரியப்பா ஊற்றினார். வேறு என்ன செய்வார்? சித்தப்பா பாதி இலையில் எழுந்து கைகழுவப் போனார். அசனத்தில் பாதியில் எழுந்த ஒருவரை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் இதையெல்லாம் எப்படிப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சித்தியின் கையைச் சித்தப்பா வைத்திருக்கிறார் என்றதும் அவருடைய சட்டைப்பையை எட்டிப் பார்த்தேன். கை இங்கே மடியில்தானே இருக்கிறது என்று குழம்பினேன். கதவு என்ற சொல் மட்டும் பயமாக ஒட்டிக்கொண்டது. மற்றது எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு ஒரே ஒரு எண்ணம்தான் மேலே வந்தது. சித்தியும் என்னை மாதிரிதான்! நானும் இடது கையை இலையில் வைத்தேன். அம்மா எதிர்வரிசையிலிருந்து பார்த்தாள். கரண்டி வரவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள். அன்றைக்கு நான் தின்ற மாதிரி பிறகு எந்த விருந்திலும் தின்றதில்லை.

அப்பீல் தள்ளுபடியானது. சித்தி கோர்ட்டுக்குப் போகவும் இல்லை, யாரும் அவளைக் கூப்பிடவும் இல்லை. கீழ்க்கோர்ட் கொடுத்த ஒரு வருஷம் அப்படியே நின்றது. கோர்ட்டும் ஜெயிலும் ஒரே பாளையங்கோட்டையில்தான் என்பதால் சித்தப்பாவுக்கு அதிக அலைச்சல் இல்லை. பாடகர் குழுவுக்கு வேறு தலைவர் வந்தார். சுமாராகப் பாடுவார். யாரும் குறை சொல்லவில்லை. சித்தி பிறகு ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக வேலை பார்த்தாள். கடைசிவரை எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் முதல் பந்தியில் உட்கார்ந்து இடது கையால்தான் சாப்பிட்டாள். முகம் சுளித்தவர்களுக்குச் சோத்துக் கையைத் தூக்கி ஒரு வணக்கம் வைப்பாள்.

அசனம் முடிந்து ஆற்றங்கரை வழியாக வீட்டுக்குத் திரும்பும்போது நான் அவளிடம் கேட்டேன். "சித்தி, எனக்காகத்தான பீச்சாங்கையால சாப்பிட்டிய?"

அவள் நின்றாள். "ஆமாட்டி. ஒனக்காகத்தான்" என்றாள்.

பெரியவளான பிறகு, ஒரு சின்னப் பிள்ளையைச் சந்தோஷப்படுத்த அவள் சொன்ன பொய் அது என்று எடுத்துக்கொண்டேன். பொய்யில்லை என்பது, போன ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்காகச் சம்பந்தியைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கதவிடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.