சேவஸ்தி கடலில் இறங்கிய நாள்

இருபத்தெட்டு வருடமாகக் கலோநேரி கடற்கரையைச் சேவஸ்தி மூன்றாவது மாடியிலிருந்துதான் பார்த்திருந்தாள். அங்கே ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்வது அவள் வேலை. மே மாதம் பிறந்தால் அக்டோபர் முடியும்வரை படுக்கை விரிப்பை உதறிக்கொண்டே ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்ப்பாள். வரிசை வரிசையாகக் குடைகள், ரப்பர் வாத்துகள், சறுக்கி விழுந்து கூச்சலிடும் பிள்ளைகள். அடுத்த நிமிடம் குளியல் தொட்டியில் அப்பிக்கிடக்கும் மணலைத் தேய்க்கக் குனிந்துவிடுவாள். பிள்ளைகள் உள்ள அறை என்றால் தலையணை உறைக்குள்கூட மணல் இருக்கும்.

ரோட்ஸ் தீவில் பிறந்தவள்தான், ஆனால் மலைமேல் ஒரு ஊர். அவளுக்கு நீச்சல் தெரியாது. கட்டிக்கொண்டதோ கடலே கதி என்று கிடந்த சம்பீகோஸை. கலோநேரியில் காலால் மிதித்து ஓட்டும் படகுகளை வாடகைக்கு விட்டுவந்தான். அந்தக் கடற்கரையில் ஆள் நூறு அடி உள்ளே நடந்தாலும் தண்ணீர் மார்புக்கு ஏறாது. குடும்பங்கள் அங்கே குவிவதும் அதனால்தான். சம்பீகோஸுக்கு நாலு பாஷையில் கேலி பேச வரும். அழுகிற பிள்ளையைத் தூக்கிப் படகின் முன்னால் உட்காரவைத்து, "கேப்டன், எந்த நாட்டுக்குப் போறோம்?" என்று கேட்டான் என்றால் பிள்ளை அழுகையை மறந்துவிடும். அவன் சத்தம் மூன்றாவது மாடிவரை கேட்கும். விரிப்பை மடித்துக்கொண்டே சேவஸ்தி தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின வாரம், படகுகளுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். வலக்கையும் வலக்காலும் போயின. பேச்சும் போயிற்று. மிஞ்சியது இரண்டே சொல். ஒன்று "ஆமா". மற்றது வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு கெட்ட வார்த்தை. "சிலருக்கு அப்படித்தாம்மா, வசவு மட்டும் தப்பிச்சுக்கும்" என்றார் டாக்டர். பாதிரியார் ஆசீர்வதிக்க வந்தபோது அந்தச் சொல்லே முன்னால் வந்தது. அவர் பெருந்தன்மையாகக் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

இந்தக் கோடை முழுவதும் சம்பீகோஸ் ஜன்னலைக் காட்டிக் காட்டி இடக்கையை அலைபோல் ஆட்டினான். கடலுக்குக் கூட்டிப்போ என்று அர்த்தம். "ஆகட்டும், கூட்டம் குறையட்டும்" என்று அவள் தள்ளிப்போட்டாள். ஆகஸ்ட் மூன்றாவது வாரம் அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டான். மறுநாள் அவளுக்கு வார விடுமுறை. அரிசி அடைத்த தக்காளியை டப்பாவில் வைத்து, டாக்சிக்காரனிடம் சக்கர நாற்காலியை ஏற்றச் சொன்னாள்.

படகுகளை இப்போது நடத்துவது அகாபிட்டோஸ். சம்பீகோஸோடு இருபது வருடம் தினமும் சண்டை போட்டு தினமும் சேர்ந்து பியர் குடித்தவன். பலகைப் பாதையில் நாற்காலி வருவதைப் பார்த்ததும் ஓடிவந்தான்.

"வாய்யா வா. நீ இல்லாம கடற்கரை நிம்மதியா இருந்துச்சு. பொறுக்கலையாக்கும் உனக்கு?"

சம்பீகோஸ் தனக்குத் தெரிந்த அந்த வார்த்தையைச் சொன்னான்.

"பாத்தியா சேவஸ்தி, மத்ததெல்லாம் மறந்தாலும் என் பேரை மறக்கல" என்றான் அகாபிட்டோஸ். மூவரும் சிரித்தார்கள். முன்வரிசைக் குடை ஒன்றை அவர்களுக்கு விட்டுக்கொடுத்து, நுரைக் காபியும் வாங்கிவந்தான். சேவஸ்தி வாழ்நாளில் முதல்முறையாக அந்தச் சாய்வுப் படுக்கைகளில் ஒன்றில் உட்கார்ந்தாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பக்கத்துப் படுக்கையில் நனைந்த துண்டு ஒன்று கீழே விழுந்தபோது தன்னையறியாமல் எடுத்து மடித்து வைத்தாள்.

துண்டுக்குச் சொந்தக்காரி ஒரு வெளிநாட்டுத் தாய். நாலு வயசு மகள் பிளாஸ்டிக் வாளியோடு வந்து சம்பீகோஸின் முன்னால் நின்றாள். அவன் முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. குனிந்து ஏதோ கேட்கப் போனான். வாய் ஒரு பக்கமாகக் கோணி, எச்சில் வழிந்து, அந்தக் கெட்ட வார்த்தை பெரிதாக வெளியே வந்தது. பிள்ளைக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுதது. தாய் ஓடிவந்து தூக்கிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்பதுபோல் சேவஸ்தியைப் பார்த்துச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் சத்தமில்லாமல் பைகளை எடுத்துக்கொண்டு நாலு குடை தள்ளிப் போய்விட்டாள்.

சம்பீகோஸ் அந்தக் காலிப் படுக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். தக்காளியை ஊட்டினால் வாயைத் திறக்கவில்லை. பிறகு இடக்கையை நீட்டித் தண்ணீருக்குள் இறங்கும் தண்டவாளத்தைக் காட்டினான்.

நடக்க முடியாதவர்களுக்காகப் போட்டது அது. தண்டவாளத்தின்மேல் ஒரு நாற்காலி. பொத்தானை அழுத்தினால் இடுப்பளவு தண்ணீர்வரை மெல்லக் கொண்டுபோய் விடும். உயிர்க்காப்பு வேலையில் இருந்த மிர்சினி, இருபத்து நாலு வயசுப் பெண், அவனை அதில் உட்காரவைத்து இடுப்பு வாரைப் பூட்டினாள்.

"இறுக்கமா இருக்கா மாமா?"

"ஆமா."

"வலிக்குதா?"

"ஆமா."

"எல்லாத்துக்கும் அதான் சொல்வாரு" என்றாள் சேவஸ்தி. "முகத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

பழைய கவுனோடு அவளும் கூடவே தண்ணீரில் நடந்தாள். முழங்கால் நனைந்த பிறகு நாற்காலியின் கைப்பிடியை விடவில்லை. தண்டவாளத்தின் கோடியில் நாற்காலி நின்றது. கரையில் யாரோ கூப்பிட, மிர்சினி அந்தப் பக்கம் திரும்பினாள்.

சம்பீகோஸ் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றரை வருடத்தில் அப்படி ஒரு அமைதியை அவன் முகத்தில் அவள் கண்டதில்லை. கூட்டிவந்தது நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தாள். அந்த நேரம் அவன் இடக்கை தண்ணீருக்கடியில் வாரைத் தடவிக்கொண்டிருப்பது தெரிந்தது. இறுக்குகிறதோ என்று குனிந்தாள். அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பார்த்தபடியே சரிந்து தண்ணீருக்குள் போனான்.

கண்ணை மூடிக்கொண்டு சேவஸ்தி உள்ளே பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தாள். ஒரு கை அவள் மணிக்கட்டைப் பற்றிப் பிரித்தது. பிடித்துக்கொள்ள வந்த கையல்ல அது. தள்ளிவிட வந்த கை. மறுபடி பிடித்தாள். மறுபடி தள்ளினான். உப்புத் தண்ணீர் அவள் மூக்கில் ஏறியது. அதற்குள் மிர்சினி வந்து அவனைத் தூக்கிவிட்டாள்.

கரையில் கூட்டம் கூடியது. ஒருத்தன் போனை நீட்டிப் படம் பிடித்தான். சம்பீகோஸ் இருமி, தண்ணீரைக் கக்கி, கண்ணை மூடிக்கொண்டான். மிர்சினி சேவஸ்தியின் பக்கம் திரும்பினாள்.

"நான் சரியாத்தான் பூட்டினேன் அக்கா. எப்படிக் கழண்டுச்சுன்னே தெரியல. என் வேலை போயிடும்."

சேவஸ்தி அவளைப் பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நீ நல்லாத்தான் பூட்டினே. நான்தான் கழட்டினேன். அவருக்கு இறுக்குதேன்னு."

"உனக்கு அறிவிருக்கா?" என்று அகாபிட்டோஸ் பாய்ந்தான். "நீச்சலும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. மனுசனைக் கொன்னிருப்பியே."

"ஆமா. என் தப்புதான்" என்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அகாபிட்டோஸ் இன்னும் என்னென்னவோ சொன்னான். கேட்டுக்கொண்டே சம்பீகோஸின் காலிலிருந்த மணலைத் துடைத்தாள்.

வீட்டுக்கு வந்து உடை மாற்றிவிட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"வேணும்னுதான் செஞ்சியா?"

"ஆமா."

"என்னை விட்டுட்டுப் போகவா கடல் கடல்னு கேட்டே?"

"ஆமா" என்றான் அவன். அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த "ஆமா"வில் குழப்பம் ஏதும் இல்லை.

கத்தவேண்டும்போல் இருந்தது. எழுந்து போய்த் துணியைக் காயப்போட்டாள். சாயங்காலம் ஏதென்ஸிலிருந்து மகள் கலியோப்பி போன் செய்தாள்.

"கடற்கரைக்குப் போனீங்களாமே. அப்பா சந்தோஷப்பட்டாரா?"

"கொஞ்ச நேரம் தண்ணியில உக்காந்தாரு."

"நல்லதும்மா. அடிக்கடி கூட்டிட்டுப் போ."

அவள் சரி என்றாள். டாக்டரிடம் மட்டும் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர் மாத்திரை எழுதிக்கொடுத்து, ஆளைத் தனியாக விடாதீர்கள் என்றார். மறுநாளே ஓட்டலுக்குப் போய் வேலையை விட்டுவிட்டேன் என்றாள். "ஆகஸ்ட்ல கழுத்தறுக்கிறீங்களே அக்கா" என்று மேனேஜர் புலம்பினான். அவள் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தாள்.

அதற்குப் பிறகு சம்பீகோஸ் மூன்று வருடம் இருந்தான். பகலில் இருவரும் சீட்டாடினார்கள். சில நாள் அவன் சிரித்தான். பல நாள் சுவரைப் பார்த்துக் கிடந்தான். அந்த நாட்களில் அவள் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு பட்டாணி உரிப்பாள். கடலைப் பற்றி அவன் மறுபடி கேட்கவில்லை. கடைசியில் ஒரு பிப்ரவரி மாதம் நிமோனியா வந்து இறந்துபோனான். கடைசி இரண்டு நாள் அவன் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தது. அது பிடிப்பதா, தள்ளுவதா என்று அவள் யோசிக்காமல் இல்லை. எதுவானாலும் சரி என்று கையை எடுக்காமலே உட்கார்ந்திருந்தாள்.