கீறல் போட்ட தலையாட்டி பொம்மை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் தஞ்சாவூர் பொம்மை, பித்தளை விளக்கு என்று இந்தியக் கைவேலைச் சாமான் வேண்டுமென்றால் யட்டியாந்தோட்டையில் என் கடைக்குத்தான் வரவேண்டும். வாசலில் ஆள் நிற்கும்போதே என்ன வாங்குவார் என்று சொல்லிவிடுவேன். ஒருத்தரிடம் மட்டும் தோற்றேன்.

றப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் பெண் அவர். ஒல்லியான உடம்பு, விரல்களில் பால் கறை. அரபு நாட்டில் வீட்டுவேலை செய்து திரும்பியவர். அங்கே தன்னோடு வேலை பார்த்த எத்தியோப்பியத் தோழிக்கு அனுப்பப் பரிசு கேட்டார். எதை எடுத்தாலும் மேசையில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தார். கடைசியில், இருப்பதிலேயே அழகான தலையாட்டி பொம்மையைத் தேர்ந்தெடுத்தார்.

“முதலாளி, இது மூஞ்சில ஒரு கீறல் போட்டுத் தாங்க.”

“என்னம்மா வெளையாடுறியா? நொட்டை சொல்ல முடியாத சாமான் இது.”

“அதாங்க பயமே. போன தடவை பாசிமணி மாலை அனுப்பினேன். நல்லாருக்குன்னு, நாங்க வேலை செஞ்ச வூட்டு எசமானி நோனா எடுத்துக்கிச்சு. கீறல் இருந்தா அவகிட்டயே தங்கும்.”

நான் முடியாது என்றேன். அவர் கொண்டை ஊசியை உருவி, பொம்மையின் கன்னத்தில் தானே கீறினார். மறுபடி தள்ளிப்போய்ப் பார்த்துவிட்டு, இன்னொரு கீறலும் போட்டார்.

“பரிசை வாங்குற புள்ள என்னம்மா நினைக்கும்?”

“அவளுக்கு விளங்குங்க. இன்னும் அந்த வூட்டுலதானே இருக்கா.”

பத்திரமாகச் சுற்றிக் கொடுத்தேன். அந்தப் பொம்மை இப்போது யாருடைய அறையில் தலையாட்டுகிறது என்று நினைத்துக்கொள்கிறேன். கேட்கலாமென்றால் அவர் திரும்ப வரவேயில்லை.