இரத்தம் கொழும்புக்குப் போன கதை

இரத்தம் எடுக்கிறவனை ஊரிலை ஒருத்தரும் நம்பமாட்டினம். ஊசியைக் கண்டு நடுங்கிற ஆக்களே, உங்களிலும் பாவம் அந்த ஊசியோடை நிக்கிற நான்! தொண்ணூறுகளின்ரை கடைசியிலை அக்கராயன் பக்கத்து ஆஸ்பத்திரியொண்டிலை வேலை செய்தனான்.

மடக்கின கை

அங்கை வந்த சரஸ்வதி அக்காவுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. ஆஸ்பத்திரி தந்த மாத்திரை, குளிசை ஒண்டும் வேண்டாமெண்டு, ஊரிலை நாட்டு வைத்தியம் பாக்கிற பரியாரியாரின்ரை மூலிகைத் தூளைத்தான் குடிச்சவா. ஒரே மாதத்திலை மூண்டாம் தரம் இரத்தத்திலை சீனி அளவுக்குமேலை இறங்கி மயங்கி விழுந்தா. இன்னொருக்கா விழுந்தால் எழும்பமாட்டா எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். பரியாரியார் தூளுக்குள்ளை இங்கிலீஷ் குளிசையை அரைச்சுக் கலக்கிறாரெண்டு டொக்டருக்கும் எனக்கும் ஐமிச்சம், பெரிய சந்தேகம்.

கொழும்பிலை ஒரு மெஷின் இருந்தது. இரத்தத்திலை கரைஞ்சு கிடக்கிறதைப் பிரிச்சு, நிறை பாத்து, இது இன்ன மூலிகை, இது இன்ன மருந்து எண்டு சொல்லும். இதை விளங்கப்படுத்த, அக்கா கையை மடக்கினா. "வருத்தம் இஞ்சை, இரத்தம் ஏன் கொழும்புக்கு? ஆரை மாட்டப் பாக்கிறியள் தம்பி?"

பொட்டலம்

கதை கேள்விப்பட்டுப் பரியாரியார் சைக்கிளிலை வந்திறங்கினார். ஒரு பொட்டலத்தை மேசையிலை வைச்சு, இதையும் அனுப்பு எண்டார். நான் விடுவனோ? எங்களுக்கெண்டு நல்லதாய்க் கட்டிக்கொண்டு வந்திருப்பார் எண்டு, அக்கா வீட்டுத் தகரப் பேணிக்குள்ளை கிடந்த தூளைத்தான் எடுத்தனான். அவருக்கு முகம் கறுத்துப்போச்சு. "என்ர தூள் அந்த மெஷினுக்கு விளங்கும். உமக்குத்தான் விளங்காது." பரியாரியாரே அப்பிடிச் சொன்னாப்பிறகுதான் அக்கா மடக்கின கையை நீட்டினா.

ஐஸ் பெட்டி

இரத்தத்தையும் தூளையும் ஐஸ் பெட்டியிலை வைச்சு நான்தான் கொண்டு போனனான்; வவுனியாச் சோதனைச்சாவடியிலை ஒரு ஆமிக்காரன் பெட்டியைத் திறந்து, மூடி, திரும்பவும் திறந்தான். ஐஸ் கரையுது, எனக்குப் பத்திக்கொண்டு வருது. கடைசியிலை அரைகுறைத் தமிழிலை கேட்டான்: "மருந்து உள்ளுக்குப் போறது. இரத்தம் ஏன் வெளியிலை வாறது?"

வந்த பதில்

வார்ட்டிலை தூளை நிப்பாட்டி வைச்சிருக்க அக்கா ஒருக்காவும் மயங்கேல்லை. என்ர ஐமிச்சம் இன்னும் இறுகிச்சுது. மூண்டு கிழமையாலை பதில் வந்தது. அக்காவின்ரை இரத்தத்திலை மூலிகையும் இருந்தது, சீனிக் குளிசையும் இருந்தது. தூளிலை குளிசை இல்லவே இல்லை! பரியாரியாரை நினைக்க வெக்கமாய்ப் போச்சு.

டொக்டர் கடுதாசியை வாசிக்க, அக்காவின்ரை மனிசன் கந்தையா அண்ணை தொப்பெண்டு கதிரையிலை இருந்தார். அக்கா எறியச் சொன்ன குளிசையை எறிய மனமில்லாமல், காலமையிலை தேத்தண்ணிக்குள்ளை அரைச்சுப் போட்டிருக்கிறார். ஐயோ, ரெண்டு மருந்தும் சேந்துதான் அவாவை விழுத்தியிருக்கு. "தூளையும் நம்பேல்லை, குளிசையையும் நம்பேல்லை. ஒண்டெண்டாலும் இவளைக் காப்பாத்தட்டும் எண்டுதான்" எண்டு மனிசன் அழுதார்.

அக்கா அழேல்லை. "முப்பது வருஷம் குசினிப் பக்கம் எட்டிப்பாக்காத மனிசன் விடியத் தேத்தண்ணியோடை வரேக்கையே எனக்கு ஐமிச்சம் வந்திருக்கவேணும்!"

அக்கா பிழைச்சிட்டா, எனக்குத்தான் மாறாத வருத்தம், என்ர மனிசி தேத்தண்ணி தந்தால் முதல் அவா ஒரு வாய் குடிக்கட்டும் எண்டு இண்டைக்கும் பாத்துக்கொண்டிருக்கிறன்.