ஹீரோ கேட்டால் மார்க்கெட்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நேரில் அடக்கிவிடுவேன், போனைக் கையில் எடுத்தால் அடங்காது. அன்று ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்த கையோடு, நாவலூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் சண்டைக்கு இறங்கிவிட்டேன். விஷயம், ஒரு பெரிய நடிகரின் சம்பளம். ஒரு படத்துக்கு இத்தனை கோடியாமே, இது அநியாயம் இல்லையா, தாம்பரத்தில் இருபது வருஷமாகக் கணக்குச் சொல்லித்தரும் எனக்கு என்ன கிடைக்கிறது என்று தட்டிவிட்டேன்.

எங்கள் அசோசியேஷன் செயலாளர் உடனே வந்துவிட்டார். "மேடம், திறமை இருக்கு, கேக்கறார். மார்க்கெட் குடுக்குது. இதுல அநியாயம் எங்க வந்துது?" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

அதை நான் சத்தமாக வைத்துக் கேட்டேன். வீட்டு வேலைக்கு வரும் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே சிரித்தார்.

"அவரு கேக்குறாரு, குடுக்குறாங்க. உங்களுக்கு இன்னாத்துக்கு டீச்சர் வயித்தெரிச்சல்? நானுந்தான் மாசம் ஐந்நூறு ஏத்திக் குடுங்கன்னு கேட்டேன். செகரட்டரி சார் வூடு, இன்னும் ரெண்டு வூடு. உங்ககிட்ட அப்பால கேக்கலாம்னு வுட்டேன். ஒருத்தரும் குடுக்கல. ஒரே ரேட்டு, ஏத்தக்கூடாதுன்னு குரூப்புல போட்டுகீறீங்களாமே?"

"நாங்களா? சும்மா இருங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் பழைய செய்திகளைத் தேடினேன். இருந்தது. வேலையாட்களுக்கு எல்லா வீட்டிலும் ஒரே சம்பளம், யாரும் கூட்டிக் கொடுத்து மார்க்கெட்டைக் கெடுக்க வேண்டாம் என்று செயலாளர் எழுதியிருந்தார். அதற்குக் கீழும் கட்டைவிரல்கள். அதில் ஒன்று என்னுடையது! ஸ்கூலுக்கு ஓடுகிற அவசரத்தில் படிக்காமலே அமுக்கித் தொலைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது, என் மேலும்தான்.

அங்கேயே எழுதினேன்: "ஹீரோ கேட்டால் மார்க்கெட் கொடுக்கும். என் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா ஐந்நூறு கேட்டால் மார்க்கெட் கெட்டுவிடுமா? என் கட்டைவிரலைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இந்த மாதமே கூட்டிக் கொடுப்பேன். ஆனதைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

பெரிதாகச் சாதித்துவிட்ட மிதப்பு எனக்கு. அக்காவை நடுத்தெருவில் இழுத்து விட்டிருக்கிறேன் என்பது மறுநாள் காலையில்தான் உறைத்தது. கேட்டிலிருந்து அக்கா போன் செய்தார்.

"டீச்சர், என் பாஸு செல்லாதாம். செகரட்டரி சார் தூக்கிட்டாராம். நாலு வூட்டு வேலையும் பூட்ச்சு. நீங்க எழுதுனீங்க, அடி எனக்கு வுழுந்துச்சு."

பேசியது நான், பிழைப்புப் போனது அவருக்கு. செயலாளருக்குப் போன் போட்டேன். "கமிட்டி முடிவு மேடம். அவங்க இப்ப வேலையாள் லிஸ்ட்ல இல்ல" என்றார்.

"லிஸ்ட்ல இல்ல, அவ்ளோதானே சார்?" என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

கேட்டில் வருபவர்களை உள்ளே விட அனுமதி கொடுக்கும் ஆப்பைத் திறந்தேன். கொரியர், டெலிவரி, விருந்தினர் என்று வரிசையாக வந்தது. விருந்தினர் யார் என்பது அந்தந்த வீட்டுக்காரர் இஷ்டம்; அந்த விதியைப் போட்டதும் இதே கமிட்டிதான். அக்கா பெயரைப் போட்டு, விருந்தினர் என்று அமுக்கினேன். கேட் திறந்தது.

எங்கள் கட்டடத்தில் வேலையாட்களுக்குப் பின்பக்க லிஃப்ட். கண்ணாடி பதித்த முன்பக்க லிஃப்ட் குடியிருப்பவர்களுக்கும் விருந்தினருக்கும். கீழே இறங்கிப் போய் அக்காவை முன்பக்க லிஃப்டில் ஏற்றினேன். ஐந்து வருஷமாக இங்கே வேலை செய்கிறார், அன்றைக்குத்தான் அதில் முதல் தடவை. கதவு மூடும் நேரம் செயலாளர் வாக்கிங் முடித்து உள்ளே நுழைந்தார். அக்காவைப் பார்த்ததும் முகம் மாறியது.

"மேடம், இந்த லிஃப்ட்ல..."

"கெஸ்ட் சார்" என்றேன். "தினமும் வருவாங்க."

அவர் தன் மாடிக்கான பொத்தானை அமுக்கினார். அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"உங்க வூட்ல நேத்து ராத்திரி பாத்திரம் அப்டியே கெடக்கும் சார். ஐந்நூறு ஏத்திக் குடுக்கறதுன்னா சொல்லுங்க, வரேன். இல்லாங்காட்டி நான் டீச்சர் வூட்டு கெஸ்டு, காபி குடிச்சிட்டுப் போறேன்."